1801 சென்ட்டில் 1/000: காசு அடித்தபோது வந்த பிழையா, அச்சிலேயே இருந்ததா?

கேள்வி, பிப்ரவரி 3

"அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஆண்டு 1801. பின்பக்கம் அடியில் 1/100 இருக்க வேண்டிய இடத்தில் 1/000 இருக்கிறது. காசு அடிக்கும்போது இயந்திரம் தவறியதால் வந்தது, உலகத்திலேயே இந்த ஒன்றுதான் இருக்கும் என்று விற்றவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?"

பிப்ரவரி 3, இரவு

உண்மையில்லை. உங்கள் காசை அடிக்கும்போது ஒரு தவறும் நடக்கவில்லை. அச்சு வெட்டியவர் கையிலேயே தவறு நடந்து முடிந்துவிட்டது. அந்த அச்சுக்குக் கீழே போன ஒவ்வொரு செப்பு வட்டும் 1/000 வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கும். ஒரே காசில் மட்டும் வரும் பிழை வேறு ஜாதி: மையம் விலகி அடிபடுவது, இரண்டு முறை அடிபடுவது மாதிரி.

பின்னத்தைப் பார்த்துவிட்டீர்கள். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். இலை வளையத்தின் அடியில், முடிச்சுக்குக் கீழே, காம்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது இடது காம்பைக் காணோமா? 'யுனைடெட்' என்ற சொல்லின் யூ எழுத்து அடி மூடி ஒழுங்காக இருக்கிறதா, அல்லது இரண்டு ஐ பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறதா? பின்னம், காம்பு, யூ மூன்றும் கோளாறாக இருந்தால் அது, ஷெல்டன் என்பவர் போட்ட வகை எண்ணில், ஷெல்டன் 219. சேகரிப்பவர்கள் 'மூன்று பிழை' என்று செல்லமாகச் சொல்வது அதைத்தான். விலையே வேறு.

படம் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மேஜை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் சரிந்து விழும்படி எடுங்கள்.

பிப்ரவரி 4

நேற்றுச் சுருக்கமாக எழுதியது போதாது. அச்சு எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் இந்தப் பேச்சு புரியாது.

அமெரிக்க அரசின் நாணயச்சாலையான பிலடெல்பியா மிண்ட் 1792 ஏப்ரல் சட்டத்தில் பிறந்தது. முதல் சென்ட்டுகள் 1793 மார்ச்சில் வெளிவந்தன. அன்றைய அச்சு என்பது மென்மையான எஃகுக் கட்டை. முன்பக்கத்து லிபர்ட்டி பெண்ணின் முகத்துக்கு ஒரு பஞ்ச், அதாவது முனையில் உருவம் புடைத்திருக்கும் எஃகுத் துண்டு, இருக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் தனித்தனிப் பஞ்ச். வெட்டுபவர் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணால் இடம் பார்த்து, சுத்தியலால் அடித்து இறக்குவார். எல்லாம் முடிந்த பிறகு எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவார்கள். அதற்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

அச்சில் எல்லாமே இடம் வலம் மாறி இருக்கும். வார்த்தை வலமிருந்து இடமாக ஓடும். பஞ்சின் முனையில் எழுத்து நேராக இருக்கும், அச்சில் திரும்பி விழும், காசில் மறுபடி நேராகும். இந்தத் தலைகீழ் வேலையில் பின்னத்தின் கீழ்ப்பகுதிக்கு 1 பஞ்சை எடுக்காமல் 0 பஞ்சை எடுத்துவிட்டார் ஒருவர். 1/000 அப்படி வந்ததுதான். 1802-லும் இதே பிழையோடு அச்சு இருக்கிறது. 1801-லும் 1803-லும் 0 மேல் 1 அடித்துச் சரிசெய்த அச்சுகள் இருக்கின்றன. லென்ஸில் பார்த்தால் 1-இன் இரண்டு பக்கமும் பழைய 0-வின் தோள் தெரியும்.

கையால் இடம் பார்த்து அடித்ததால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் ஆண்டின் கடைசி எண் மார்பைத் தொடும், இன்னொன்றில் மயிரிழை விலகி நிற்கும். இந்தத் துறை முழுக்க நிற்பது அந்த மயிரிழையின் மேல்தான்.

பிப்ரவரி 6

அச்சு வெட்டியவர்களுக்கு எழுத்தே தெரியாது, அதனால்தான் இவ்வளவு பிழை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்க முடியாது. 1793 நவம்பரில் மிண்டின் செதுக்குநராக வந்து 1823-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஸ்காட். ஸ்காட்லாந்தில் தொழில் கற்றவர், மிண்டுக்கு வருவதற்கு முன்பே பெயர் வாங்கியவர். தங்கம், வெள்ளி, செம்பு அத்தனைக்கும் அச்சு அவர் மேற்பார்வையில் தயாராக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் வந்து ஊரே காலியான ஆண்டுகளில் மிண்டும் மூடப்பட்டது. அவருக்கு முன் வந்த ஜோசப் ரைட் அதே காய்ச்சலில்தான் 1793-இல் செத்துப்போனார். நல்ல எஃகு விலை அதிகம். தவறாக வெட்டிய அச்சைத் தூக்கிப் போடும் வசதி அவர்களிடம் இல்லை.

படிப்பறிவில்லாதவர் செய்கிற பிழை ஒரு மாதிரி இருக்கும், அவசரத்தில் ஒரு பஞ்சை மாற்றி எடுக்கிற பிழை வேறு மாதிரி இருக்கும். நாம் பார்ப்பது இரண்டாவது.

பின்பக்கம் சங்கிலி வளையம் உள்ள 1793 சென்ட்டைச் சங்கிலி சென்ட் என்பார்கள். அதில் முதல் வகையில் 'அமெரிக்கா' என்ற பெயர் முழுதாக இல்லை. ஐ எழுத்தோடு நிறுத்திப் புள்ளி வைத்துவிட்டார்கள். இடம் போதவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அடுத்த அச்சில் முழுப் பெயரும் வந்துவிட்டது. சங்கிலி சென்ட் மொத்தம் 36,103 மட்டுமே அடித்ததால், புள்ளி உள்ள அந்த ஷெல்டன் 1 இன்று கோடீஸ்வரர்களின் காசு. ஏல மண்டபத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி, கையில் எடுத்துப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

பிப்ரவரி 9

நான் மிக விரும்பும் பிழை 1796-இல் இருக்கிறது, ஷெல்டன் 103. 'லிபர்ட்டி' என்ற சொல்லில் பி இருக்க வேண்டிய இடத்தில் எச் மாதிரி ஒன்று நிற்கும்.

வெட்டியவர் எச் பஞ்சை எடுக்கவே இல்லை. பி பஞ்சைத்தான் எடுத்தார், ஆனால் தலைகீழாகப் பிடித்து அடித்துவிட்டார். பி-யைத் தலைகீழாக்கினால் நேர்கோடு வலப்பக்கம் போய்விடும், இரண்டு வயிறும் இடப்பக்கம் வரும். பார்த்துவிட்டு, அதே இடத்தில் சரியான பி-யை அடித்தார். இப்போது இடப்பக்கம் ஒரு நேர்கோடு, வலப்பக்கம் ஒரு நேர்கோடு, நடுவில் வயிறுகள் சேரும் இடுப்பு. தேய்ந்த காசில் அது அப்படியே எச்.

ஒரு நண்பர் தன் காசை மடியில் துணி விரித்து எனக்குக் காட்டினார். கொஞ்சம் தேய்ந்தது, கரும்பழுப்பு நிறம். பத்து மடங்கு லென்ஸில், வலது நேர்கோட்டின் தலையிலும் அடியிலும் தலைகீழ் பி-யின் சிறு கால்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. காசைக் கொஞ்சம் திருப்பி ஒளியை மாற்றியதும் எச் கலைந்து இரண்டு பி தனித்தனியாகப் பிரிந்தன. அந்த மனிதர் தலைகீழாக ஓர் அடி, நேராக ஓர் அடி என்று அடித்தது கண்முன்னே நடந்த மாதிரி இருந்தது. படத்தில் இது சரியாக வராது. வாய்ப்பு கிடைத்தால் நேரில் பாருங்கள்.

பிப்ரவரி 10

தலைகீழ் என்றதும் இன்னும் இரண்டு. 1809 அரை சென்ட் ஒன்றை நெடுங்காலம் '6-இன் மேல் 9' என்று எழுதிவந்தார்கள். 1806 அச்சைத் திருத்திய மாதிரி நினைப்பு. உண்மையில் அது தலைகீழ் 9-இன் மேல் நேர் 9.

1844 சென்ட் ஒன்றுக்கு '81 மேல் 1844' என்று பெயர். 1781, 1881 என்று எந்த ஆண்டையும் தேடிப் போகாதீர்கள். 18 என்று எழுதித் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள், விடை வந்துவிடும். ஆண்டு முழுவதையும் தலைகீழாக அடித்துப் பிறகு நேராக அடித்திருக்கிறார்கள். 1851-லும் அதே கதை. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினால் குதூகலிப்பார்கள்.

பிப்ரவரி 16

எழுத்துப் பிழை இல்லாத சாதாரணக் காசை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டவர்களுக்கு. நீளமாகப் போகும்.

பிழையிலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் இந்த இழையில் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம். பிழை தானே கையைத் தூக்கிக் காட்டும். மீதி நூற்றுக்கணக்கான வகைகள் அப்படிக் காட்டாது. அவை இருக்கும் இடத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

1794-ஐ எடுத்துக்கொள்வோம். முகத்தைப் பொறுத்து அந்த ஆண்டில் பெரிய பிரிவு மூன்று: 1793 முகம், 1794 முகம், 1795 முகம். தலைமுடியின் கடைசிச் சுருளைப் பாருங்கள். நுனி கொக்கி போல் வளைந்திருந்தால் 1794 முகம். மேடு குறைந்து, கொக்கியும் இல்லாமல் இருந்தால் 1795 முகம். உருண்டு திரண்ட உயரமான முகம் என்றால் 1793. அதற்குப் பிறகுதான் நுணுக்கம்: 'லிபர்ட்டி' எழுத்துகள் தலைக்கு எவ்வளவு பக்கத்தில், ஆண்டின் எண்கள் எப்படி இடைவெளி விட்டிருக்கின்றன, 4-இன் முனை எதைத் தொடுகிறது.

பின்பக்கம் திருப்பினால் இலை வளையத்தில் உள்ள பழங்களை எண்ணுங்கள். இடப்புறம் எத்தனை, வலப்புறம் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இலை நுனிகள்: எந்த இலை எந்த எழுத்தின் அடியில் முடிகிறது? பின்னக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த எண்ணுக்கு மேல் தொடங்குகிறது? இவ்வளவும் குறித்துவிட்டால் அட்டவணையில் மிஞ்சுவது இரண்டு மூன்று வகைதான்.

இந்த ஆண்டின் காசுகளை 1869-லேயே எட்வர்ட் மேரிஸ் என்ற பிலடெல்பியா மருத்துவர் பிரித்துப் பெயர் வைத்துவிட்டார். எண் வைக்காமல் பெயர் வைத்தார்: 'இரட்டை மோவாய்', 'படகோனியன்', 'காதல் முகம்', 'கடல் வீனஸ்'. நோயாளிகளை எப்படி அழைத்தாரோ தெரியாது, காசுகளை இப்படித்தான் அழைத்தார். இன்றும் 1794 பைத்தியங்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பெயர்களில்தான் பேசிக்கொள்வார்கள்.

வில்லியம் ஷெல்டன் 1949-இல் 1793 முதல் 1814 வரை எண் போட்டு வரிசைப்படுத்தினார். நாம் சொல்லும் ஷெல்டன் எண், சுருக்கமாக எஸ் எண், அவருடையது. 1816 முதல் 1857 வரை நியூகம்ப் எண். அரை சென்ட்டுக்கு கோஹென் எண். நடுவில் 1815 இல்லை, அந்த ஆண்டு தேதியிட்டு சென்ட் அடிக்கவே இல்லை. 1812 போரால் இங்கிலாந்திலிருந்து செப்பு வட்டு வருவது நின்றிருந்தது. இன்று எல்லா அமெரிக்கக் காசுக்கும் போடும் 70 வரையான தரப் புள்ளியும் ஷெல்டன் இந்தப் பெரிய சென்ட்டுக்காக உருவாக்கியதுதான். அரிதுக்கு 1 முதல் 8 வரை ஓர் அளவு உண்டு. 8 என்றால் மூன்றுக்கு மேல் கிடையாது, 7 என்றால் 4 முதல் 12 வரை.

ஷெல்டன் 48-ஐ மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1794 காசு, பின்பக்க விளிம்பைச் சுற்றியுள்ள பல் போன்ற சிறு கோடுகளுக்கு நடுவே 94 குட்டி நட்சத்திரங்கள். காரணம் இன்றுவரை யூகம்தான். புழக்கத்தில் அலைந்து பல நட்சத்திரங்கள் தேய்ந்துபோன காசில்கூட நாலைந்து மிஞ்சியிருந்தால் போதும், சந்தேகமில்லை. கண்காட்சிகளில் 1794 எதைப் பார்த்தாலும் என் கை முதலில் பின்பக்க விளிம்பைத்தான் திருப்பும். இதுவரை மாட்டவில்லை.

பிப்ரவரி 17

இழையைத் தொடங்கியவர் படம் போட்டிருக்கிறார், நன்றாக எடுத்திருக்கிறார். காம்பு இரண்டும் இருக்கின்றன. யூ ஒழுங்காக இருக்கிறது. ஆகவே மூன்று பிழை வகை இல்லை, 1/000 மட்டும் உள்ள வகை. நல்ல காசுதான். விற்றவர் சொன்ன கதையை மறந்துவிட்டு காசை வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17, சற்று நேரம் கழித்து

நேற்று முகத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். மிகவும் தேய்ந்த காசுக்கு அது உதவாது என்று இந்தப் படத்தைப் பார்த்ததும் தோன்றியது. மேடான முகமும் முடியும்தான் முதலில் தேயும். ஆண்டே படிக்க முடியாத காசில்கூடப் பின்பக்கத்தில் இலைகளும் பின்னமும் மங்கலாக நிற்பது உண்டு. அங்கே பின்பக்கத்தை முதலில் அடையாளம் கண்டு, அந்த அச்சோடு எந்த முகப்பு அச்சுகள் ஜோடி சேர்ந்தன என்று பட்டியலில் பார்த்து, அவற்றில் எது பொருந்துகிறது என்று தேடுவது சுலபம். ஓர் அச்சு பல ஜோடிகளோடு வேலை செய்திருக்கும். ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கத்துக்குப் புது ஜோடி போட்டு ஓட்டினார்கள்.

எடையும் பார்த்துவிடுங்கள். முதல் சென்ட்டுகள் 208 கிரெயின், ஏறக்குறைய 13.5 கிராம். 1795 கடைசியில் 168 கிரெயினாக, அதாவது 10.9 கிராம் அளவுக்குக் குறைத்தார்கள். தகடு மெலிந்ததால் ஓரத்தில் எழுத்து பதிப்பதையும் விட்டுவிட்டார்கள். 1795 சென்ட் கிடைத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், எழுத்து உள்ளதும் உண்டு, வழவழப்பானதும் உண்டு.

மார்ச் 2

வெட்டியவர் செய்தது வேறு, பிறகு அச்சுக்கு நேர்ந்தது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கேள்விகள் வந்திருக்கின்றன.

1804 அரை சென்ட்டில் லிபர்ட்டி பெண்ணின் மோவாயிலிருந்து ஒரு முள் நீண்டிருக்கும். 'முள் மோவாய்' என்பார்கள். யாரும் அதைச் செதுக்கவில்லை. திருகாணி போன்ற ஏதோ ஓர் இரும்புத் துண்டு அச்சின் மேல் கிடந்து நசுங்கி அந்தக் காயத்தை உண்டாக்கியிருக்கிறது. முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் திருகுப் புரி மாதிரி மெல்லிய இணைகோடுகளும் பதிந்திருக்கும். அச்சை மாற்றாமல் தொடர்ந்து அடித்தார்கள். அதனால் இந்தக் காசு ஏராளமாகக் கிடைக்கிறது, சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலையில். என்னிடம் இருப்பவற்றை அடித்த வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றில் பின்பக்கம் விரிசல் மயிர்போலத் தொடங்குகிறது, அடுத்ததில் தடிக்கிறது, அதற்கடுத்ததில் விளிம்பே உடைந்து அங்கே செம்பு கட்டியாகப் புடைத்து நிற்கிறது. அச்சில் விரிசல் பள்ளம், காசில் அது மேடு. இதை மட்டும் நினைவில் வைத்தால் விரிசலையும் கீறலையும் ஒருபோதும் குழப்பமாட்டீர்கள். கீறல் காசில் பள்ளமாகத்தான் இருக்கும்.

அரை சென்ட் என்றதும் இன்னொன்று. 1795, 1797 அரை சென்ட்டுகளில் சில, டால்பட், ஆலம் அண்ட் லீ என்ற நியூயார்க் நிறுவனத்தின் டோக்கன்களை வெட்டி எடுத்த வட்டில் அடிக்கப்பட்டவை. இந்தியாவோடு கப்பல் வணிகம் செய்த நிறுவனம் அது, டோக்கனிலேயே கப்பல் உண்டு. லிபர்ட்டி முகத்தின் அடியில் பழைய டோக்கனின் எழுத்தோ பாய்மரக் கயிறோ ஆவிபோலத் தெரியும் காசுகள் இருக்கின்றன. இதைத் தனிப் பிழை வகையாகச் சேர்க்காதீர்கள். அச்சில் மாற்றம் எதுவும் இல்லை, வட்டுதான் பழையது.

மார்ச் 3

1804 சென்ட் பற்றிக் கேட்டவருக்கு: அந்த ஆண்டின் உண்மையான சென்ட் அனைத்தும் ஒரே ஜோடி அச்சில் வந்தவை, ஷெல்டன் 266. ஆகவே சரிபார்ப்பது எளிது. ஆண்டில் உள்ள 0-வைக் கட்டைவிரலாலும், பின்பக்கம் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ எழுத்தை ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். இரண்டு விரலும் நேருக்கு நேர் வர வேண்டும். வராவிட்டால் அது அசல் 1804 இல்லை, பெரும்பாலும் 1803-ஐத் திருத்திய வேலையாக இருக்கும். பிந்திய நிலைக் காசுகளில் முகப்பில் 'லிபர்ட்டி'யின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேல் விளிம்பு உடைந்திருக்கும்.

1860 வாக்கில் யாரோ மிண்டுக்கு வெளியே 1803 அச்சு ஒன்றை 1804 ஆக்கி, 1820-இன் பின்பக்க அச்சோடு சேர்த்து அடித்தார்கள். அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. உண்மையான 1804 என்று சொல்லி விற்காதவரை குற்றமில்லை.

மார்ச் 15

இரண்டு நாளாக ஒரு விற்பனைப் பக்கத்தின் படங்களை இங்கே போட்டு விவாதிக்கிறார்கள். வாங்காதீர்கள். காரணம் இதுதான்.

இரண்டும் 1798 சென்ட், இரண்டும் ஒரே வகை. எழுத்து இடம், இலை இடம், பின்னக் கோடு எல்லாம் அட்டவணையோடு பொருந்துகின்றன. அங்கே பிசகில்லை. ஆனால் கன்னத்தில் சாய்வான வெட்டு ஒன்று, விளிம்பில் நசுங்கல் ஒன்று. முதல் காசிலும் இருக்கின்றன, இரண்டாவதிலும் அதே இடத்தில், அதே கோணத்தில் இருக்கின்றன.

எழுத்தின் இடம் அச்சுக்குச் சொந்தம், அதனால் பல காசுகளில் வரலாம். விரிசல் அச்சின் வயதுக்குச் சொந்தம், அதுவும் பல காசுகளில் வரலாம். ஆனால் மிண்டை விட்டு வெளியே வந்தபின் ஒருவர் பையிலோ கல்லாவிலோ பட்ட அடி அந்த ஒரு காசுக்கு மட்டும் சொந்தம். இரண்டு காசில் ஒரே அடி இருக்க வழியே இல்லை. அசல் காசு ஒன்றைப் பிரதி எடுத்து அச்சாக்கி அடித்திருக்கிறார்கள், அதன் காயமும் சேர்ந்து பதிந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் இப்படிப்பட்ட போலிகள் பெருகிவிட்டன. தரச்சான்று நிறுவனங்களின் பெட்டிக்குள்ளேயே சில புகுந்திருக்கின்றன.

இந்த வழியே ஷெல்டனுக்கு எதிராகவும் வேலை செய்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்தவற்றை அங்கே வைத்திருக்கிறார். எஸ் எண் ஒன்றுதான், மேலோட்டமாகப் பார்த்தவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் 1977-இல் இறந்து பல ஆண்டுகள் கழித்து, பழைய புகைப்படங்களோடு ஒவ்வொரு காசின் கீறலையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. இந்தத் துறைக்கு அவர் செய்தது மலையளவு. இதுவும் அவர் செய்ததுதான். எழுதும்போது மனம் கசக்கிறது, ஆனாலும் புதிதாக வருபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 16

தனிச்செய்தியில் பலர் கேட்டதால்: புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதையும் பழைய செம்பின் பக்கம் கொண்டு போகாதீர்கள். இருநூறு ஆண்டுப் பழுப்பு ஒரு நிமிடத்தில் போய்விடும், திரும்பி வராது. அழுக்கு எழுத்தை மறைத்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

1798 காசு வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும், கூடவே ஓரமும் தெரியும்படி படம் போடுங்கள். கன்னத்தில் அந்தச் சாய்வு வெட்டு இருந்தால் முதலில் அதை எழுதுங்கள், வகை எண்ணைப் பிறகு பார்ப்போம்.